ஜெபிக்கக் கூடாத வீடு

செம்மணல் தேரிக்காட்டுக்கு மேற்கே ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆசிரமம். பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே தங்கி, தோட்ட வேலை செய்து, மூன்று வேளை ஜெபித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குரு தயாவதி அம்மா. அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அந்த வருஷம் அக்டோபரில் அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அருமைநாயகம். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை "சார்" என்றார். குரு என்பதால் அவர் அம்மாவை "அம்மா" என்றார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் எதுவும் இல்லை.

டிசம்பர் முதல் வாரம். கத்தரிப் பாத்தியில் இருவரும் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அருமைநாயகம் கேட்டார். "அம்மா, கிறிஸ்துமஸை எப்படி ஆசரிக்கணும்?"

"இதுவரைக்கும் எப்படி ஆசரிச்சீங்க?"

"எல்லாரையும் மாதிரிதான். அது சரியில்லன்னுதான் இங்க வந்தேன்."

"என்ன சரியில்ல?"

அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவர் போலச் சொல்லத் தொடங்கினார். தூத்துக்குடியில் அவருடைய மகன் ஷெல்டன் வீடு. வாசலில் ஆள் உயரத்துக்கு நட்சத்திரம். மாடியில் ஸ்பீக்கர். கேக் ஒரு கடையிலிருந்து வரும், பிரியாணி இன்னொரு கடையிலிருந்து வரும். வருகிறவர்கள் எல்லோரும் நட்சத்திரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யாருக்காக இந்த நாள் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது.

"ஜெபம்?"

"அதைக் கேக்காதீங்க அம்மா. போன வருஷம் நான் ஜெபம் பண்ணிட்டிருக்கும்போதே, 'போதும்ப்பா' ன்னுட்டான். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால. அன்னைக்கு வெளிய வந்தவன்தான் நான். என் வீட்டுக்காரி ரூபி இன்னும் அங்கதான் இருக்கா. நான் போகல."

"மகனுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு பேத்தி. ஒன்னரை வயசு."

"எத்தனை பல் முளைச்சிருக்கு?"

அருமைநாயகம் யோசித்தார். "தெரியாது."

அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். அருமைநாயகம் பதிலுக்காகக் காத்திருந்தார். களை முழுவதும் தீர்ந்த பிறகும் பதில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார்.

"இன்னும் பதினஞ்சு நாள் இருக்கே சார்" என்றார் அம்மா. "என்ன அவசரம்?"

அந்த வாரம்தான் அருமைநாயகத்துக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்தது. ஆசிரமத்தில் சமையலைப் பார்த்துக்கொண்ட கிரேஸம்மாள் சொன்னாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் விடியற்கால ஆராதனையை முடித்த கையோடு அம்மா எங்கேயோ புறப்பட்டுப் போய்விடுவார். எட்டேகால் பஸ். கையில் ஒரு துணிப்பை. திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும்.

"எங்க போறாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"நீங்க கேட்டதில்லையா?"

"ஒரு தடவ கேட்டேன். 'சாப்பிடப் போறேன்'னாங்க."

அருமைநாயகத்துக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஆசிரமத்தில் மற்றவர்களும் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லி வைத்திருந்தார்கள். கடற்கரையில் யாருமில்லாத ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறதாம், அங்கே போய்த் தனியாக ஜெபிக்கிறாராம் என்றான் ஒருவன். தொழுநோயாளிகளுக்குச் சோறு ஊட்டிவிடப் போகிறார் என்றாள் ஒருத்தி. 'சாப்பிடப் போறேன்' என்பதற்கு ஆழமான அர்த்தம் ஏதோ இருக்க வேண்டும் என்று அருமைநாயகம் நினைத்தார். தன் கேள்விக்குப் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகப் பட்டது.

இருபத்துமூன்றாம் தேதி அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்க போற இடத்துக்கு நானும் வரலாமா?"



"வரலாம். ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"அங்க நான் செய்யறத நீங்களும் செய்யலாம். நான் செய்யாதத நீங்க செய்யக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றார் அம்மா.

கிறிஸ்துமஸ் காலை. ஆராதனை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். துணிப்பையிலிருந்து முருங்கைக்காய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. புனிதமான இடத்துக்கு எதற்கு முருங்கைக்காய் என்று அருமைநாயகம் கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டார்.

கண்டக்டர் வந்தான். அம்மா தட்டார்விளைக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். அருமைநாயகத்துக்கு அந்த ஊர் தெரியும். இருநூறு வீடு இருக்கும். பழைய கோயிலும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது.

பஸ் செம்மண் மேட்டைத் தாண்டும்போது அம்மா கேட்டார்.

"உங்க மகன் 'போதும்'ன்னப்ப, நீங்க ஜெபம் ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது?"

"ஒரு நாப்பது நிமிஷம் இருக்கும்."

"பேத்தி?"

"அழுதுட்டிருந்தா."

"எதுக்கு?"

"பசி போல."

"ம்" என்றார் அம்மா. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தட்டார்விளையில் இறங்கி, இரண்டு தெரு நடந்து, ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் அம்மா நின்றார். வாசலில் மூங்கில் குச்சியில் ஒட்டிய காகித நட்சத்திரம் தொங்கியது. பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. தண்ணீர் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. எரிந்து போன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிற இடம்.

ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி வெளியே வந்தாள். இடுப்பில் செருகிய முந்தானை, கையெல்லாம் மசாலா.

"வா தயா" என்றாள். "பஸ்ஸு நேரத்துக்கு வந்துட்டா?"

"வந்துட்டு மைனி. இவரு அருமைநாயகம் சார். எங்ககூட இருக்காரு. சார், இவங்க எங்க மைனி, எமீமாள். இது எங்க அண்ணன் வீடு."

அருமைநாயகம் கை கூப்பினார். அண்ணன் வீடு. அவர் மனதுக்குள் கட்டி வைத்திருந்த கடற்கரைக் கோயில் அப்படியே சரிந்தது.

பட்டறைக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒட்ட வெட்டிய நரைத்த முடி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சட்டை. அம்மாவின் அண்ணன் தர்மசீலன். தங்கையைப் பார்த்தார். அருமைநாயகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"வந்தவங்களுக்குக் காப்பி குடு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா உட்காரவில்லை. நேரே அடுக்களைக்குப் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

"அது பெருசு பெருசா இருக்கு பாரு, அத எடுக்காத. அது ரசத்துக்கு" என்றாள் எமீமாள்.

"சரி மைனி."

"கறிய நல்லா அலசுனியா?"

"அலசிட்டேன்."

"போன வருசம் இப்படித்தான் அலசுனேன்னு சொன்ன. எலும்பெல்லாம் நறநறன்னு மண்ணு."

அம்மா கறியை எடுத்து இன்னொரு தடவை அலசினார்.

அருமைநாயகம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் படித்தவர்கள் வந்து இந்த அம்மாவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். இங்கே அவர் ஆட்டுக்கறி அலசத் தெரியாதவர்.

சும்மா இருக்க முடியாமல் அருமைநாயகமும் அடுக்களை வாசலுக்குப் போனார். அம்மா முருங்கைக்காயையும் கத்தியையும் அவர் பக்கம் நகர்த்தினார். அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் காய் நறுக்கினார். துண்டுகள் ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு.

"சாரு பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுத்தாரு?" என்று கேட்டாள் எமீமாள்.

"கணக்கு."

அவள் முருங்கைத் துண்டுகளைப் பார்த்தாள்.

நேரம் போகப் போக அருமைநாயகத்துக்கு ஒன்று உறுத்தியது. தர்மசீலன் மூன்று நான்கு தடவை அடுக்களைப் பக்கம் வந்தார். ஒரு தடவைகூடத் தங்கையிடம் பேசவில்லை. "அவளுக்கு முதுகு வலிக்கும், மணைய எடுத்துப் போடு" என்றார் மனைவியிடம். "முருங்கைக்காய் ஆசிரமத்துல காச்சதான்னு கேளு" என்றார். அம்மா காதில் விழுகிற தூரத்திலேயே இருந்தார். எமீமாள் திரும்பி, "காச்சதாம்" என்பாள். அந்த வீட்டில் பேச்சு இப்படி ஒரு சுற்றுச் சுற்றித்தான் போய் வந்தது.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள்.

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தர்மசீலன், அவருக்கு அடுத்து அம்மா, பிறகு அருமைநாயகம். எமீமாள் சோறு வைத்தாள். கறிக் குழம்பு ஊற்றினாள். சுவரில் வசனக் காலண்டர் தொங்கியது. அலமாரியில் கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் இருந்தது. தினமும் புரட்டுகிற புத்தகம் என்பது ஓரங்களைப் பார்த்தாலே தெரிந்தது. அருமைநாயகம் கண்களைப் பாதி மூடிக்கொண்டு காத்திருந்தார்.

யாரும் ஜெபம் தொடங்கவில்லை. தர்மசீலன் சோற்றைப் பிசைந்தார்.

அருமைநாயகம் அம்மாவைப் பார்த்தார். இந்த அம்மாதான் அவர் ஆசிரமத்துக்கு வந்த முதல் நாளில், தண்ணீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டு போனவரை நிறுத்தி, "நன்றி சொல்லிட்டுக் குடிங்க சார்" என்றவர். ஒரு கண நேரமாவது கண்ணை மூடுவார், உதடாவது அசையும் என்று எதிர்பார்த்தார்.

அம்மா குழம்பை இழுத்து, சோற்றைப் பிசைந்து, வாயில் வைத்தார்.

அருமைநாயகத்துக்கு உடம்பு சுட்டது. கிறிஸ்து பிறந்த நாள். கிறிஸ்தவர் வீடு. ஒரு ஸ்தோத்திரம் இல்லை. இதற்கு ஷெல்டன் வீடே தேவலை. அம்மா வைத்த நிபந்தனை நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் எழுந்து நின்றார். கண்களை மூடினார்.

"எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பழகிய குரல். நீண்ட ஜெபம் அது. பெத்லகேமைச் சொன்னார், மேய்ப்பர்களைச் சொன்னார். இந்த வீட்டாரின் கடினமான இருதயத்தை உடைத்தருளும் என்றும் கேட்டார். அதற்குள் இலை சரசரக்கிற சத்தம் கேட்டது. சொம்பு உருளுகிற சத்தம் கேட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தர்மசீலன் இடத்தில் இலை மட்டும் இருந்தது. ஒரு கைப்பிடிதான் சாப்பிட்டிருந்தார்.

பட்டறைக் கதவு சாத்தப்பட்டது.

எமீமாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அம்மா எழுந்தார். அருமைநாயகத்தின் பக்கம் திரும்பவில்லை. கையைக் கழுவினார். ஒரு தட்டில் சோறு வைத்து, கறியில் நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்துப் போட்டார். இன்னொரு கையில் தண்ணீர். கொல்லைப் பக்கமாகப் பட்டறைக்குப் போனார்.

அருமைநாயகம் நின்றுகொண்டே கேட்டார். "நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

எமீமாள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"உக்காருங்க சார். உங்களுக்குத் தெரியாது. அவ சொல்லியிருக்க மாட்டா."

அவள் சொன்னாள். மாமியார் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். தயா அப்போது ஆசிரமத்துக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை வந்து, தன் தாயின் தலைமாட்டில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டுப் போவாள். மூத்திரத் துணி மாற்றியதும், புண்ணுக்கு மருந்து போட்டதும் அண்ணனும் மைனியும்தான். பிறகு ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் தயா நாற்பது நாள் மௌன விரதம் இருந்தாள். யார் வந்தாலும், என்ன செய்தி வந்தாலும் தன்னிடம் சொல்லக் கூடாது என்று ஆசிரமத்தில் சொல்லிவிட்டாள்.

"முப்பத்தஞ்சாவது நாளு அத்தை போயிட்டாவ. இவரு நேர்ல போனாரு. ஆசிரமத்து வாசல்ல நின்னாரு. 'அம்மா ஜெபத்துல இருக்காங்க, கூப்பிட முடியாது'ன்னுட்டாங்க. ரெண்டு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்தாரு. அடக்கம் பண்ணி அஞ்சு நாள் கழிச்சு இவ வந்தா."

அருமைநாயகம் இலைக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவருக்கு எப்படிக் கோவம் வந்ததுங்கிய. ஆனா சத்தம் போடல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'இந்த வீட்டுக்கு நீ எப்ப வேணா வா. சாப்பிடு. ஆனா ஜெபம் மட்டும் பண்ணாத. நீ வந்தா நாங்களும் பண்ண மாட்டோம்'னாரு. அதுக்கப்புறம் அவகிட்ட நேருக்கு நேர் பேசல. பதினோரு வருசமாச்சு. இவளும் வருசம் தவறாம வாரா. வெங்காயம் உரிக்கா, சாப்பிடுதா, பாத்திரம் கழுவுதா, போறா. இந்த வீட்டுக்குள்ள ஒரு தடவ கண்ண மூடுனதில்ல."

அருமைநாயகம் கொல்லை வாசலில் போய் நின்றார். பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தர்மசீலன் ஒரு மோட்டாரின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஈ வராமல் கையால் விசிறிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு தர்மசீலன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொன்னார். இங்கே கேட்கவில்லை.

அதற்கப்புறம் கேட்டது சிரிப்புச் சத்தம்.

முதலில் அம்மாதான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு தர்மசீலனின் சிரிப்பு, புரையேறிய இருமலோடு சேர்ந்து வந்தது. அம்மா தண்ணீரை எடுத்துக் கொடுத்து, அவர் தலையில் தட்டினார்.

எமீமாள் அருமைநாயகத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வாங்க சார்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "சாப்பிடுங்க. ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தாரேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் எங்கேயோ கிளம்பினார்கள். தர்மசீலன் முன்னால் நடந்தார். நாலு அடி தள்ளி அம்மா. அருமைநாயகம் பின்னாலேயே போகத் துடித்தார். ஆனால் இந்தத் தடவை உட்கார்ந்திருந்தார். எமீமாள் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவிப் போட, அவர் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தார். ரூபி இத்தனை வருஷமாக இதை யாரை வைத்துச் செய்தாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அவள் தனியாகத்தான் செய்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் கூடத்தில் உட்கார்ந்து, மாலை ஜெபத்துக்கு வசனம் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

மூன்று மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். விடைபெறும்போது தர்மசீலன் வாசல் வரைக்கும் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? நீங்க எப்பவுமே இவ்வளவு நீளமாத்தான் ஜெபம் பண்ணுவியளா?"

அருமைநாயகத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "இதவிடவும் நீளமா பண்ணுவேன்."

"நல்ல வேள" என்றார் தர்மசீலன். "அடுத்த வருசமும் வாங்க."

பஸ் நிறுத்தம் ஊருக்கு வெளியே, ரோட்டோரம். வெயில் தணிந்திருந்தது. செம்மண் காற்றில் லேசாகப் பறந்தது. அருமைநாயகம் கொஞ்ச நேரம் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுக்கோங்க அம்மா. நிபந்தனைய மீறிட்டேன்."

"மீறிட்டீங்க."

"பட்டறைல உங்க அண்ணன் என்ன சொன்னாரு? ஏன் சிரிச்சீங்க?"

அம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

"'யாரு அந்த ஆளு, அப்படியே நீ அந்தக் காலத்துல இருந்த மாதிரியே இருக்காரு' ன்னாரு."

அருமைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அது வந்த மாதிரியே அடங்கியது.

"அப்புறம் எங்க போனீங்க?"

"எங்க அம்மா கல்லறைக்கு. நான் இதுவரைக்கும் தனியாத்தான் போயிருக்கேன். இன்னைக்கு அவரே வான்னு கூப்பிட்டாரு."

"அங்க ஜெபம் பண்ணீங்களா?"

"இல்ல."

"ஏன்? அது வீடு இல்லையே."

"அவரும் அதைத்தான் கேட்டாரு. 'ஏன் சும்மா நிக்க, ஜெபம் பண்ணலையா' ன்னாரு. 'நீங்க இன்னும் சொல்லலையேண்ணே' ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"செருப்பக் கழட்டிட்டு நின்னாரு."

தூரத்தில் பஸ் வருகிற தூசி தெரிந்தது. அருமைநாயகத்துக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இந்த மூன்று வாரமாக அவரை அரித்த கேள்வி அல்ல. இது புதிதாக முளைத்தது.

"அம்மா, ஆசிரமத்துல இன்னைக்கு நாள் முழுக்கப் பாட்டும் ஆராதனையும் நடக்கும். உங்கள நம்பி அத்தனை பேர் இருக்காங்க. அதை விட்டுட்டு, கண்ணைக்கூட மூட விடாத ஒரு வீட்டுக்குப் பதினோரு வருஷமா போறீங்க. அதுவும் கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பார்த்து. வேற நாள் போகக் கூடாதா? வேற வீடு இல்லையா?"

அம்மா துணிப்பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"சத்திரத்துல இடம் இல்லன்னு சொன்ன ஊர்லதான் சார் இயேசு பிறந்தாரு. நான் வேற எந்த ஊருக்குப் போறது?"



பஸ் வந்து நின்றது. அம்மா ஏறி உட்கார்ந்தார். அவரை ஏறச் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்டக்டர் படியில் நின்றபடி, "ஐயா, ஏறலையா?" என்றான்.

"தூத்துக்குடி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"நாலு மணிக்கு. எதிர்ப்பக்கம் நில்லுங்க."

அவர் ரோட்டைக் கடந்தார்.